லைடனா, ஜெனீவாவா, மால்டாவா? ஒரு காசிமேட்டுக் கணக்கு

சட்டம் முடித்த காசிமேட்டுத் தம்பி ஒருவன், பன்னாட்டுச் சட்டத்தில் மேல்படிப்புக்கு மூன்று இடங்களைப் போனில் திறந்துவைத்து, "எதுக்குணா அப்ளை பண்றது?" என்றான். மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் போய் நிற்கும் இடம் வேறு வேறு.

நெதர்லாந்தின் லைடன் நீதிமன்றக்காரர்களுக்கு. 1575-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பக்கத்திலேயே ஹேக் நகரம், அங்கே சர்வதேச நீதிமன்றம், குற்றவியல் நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. 2012-இல் கேரளக் கரைக்கு அப்பால் மீனவர்கள் இருவரை இத்தாலியக் கடற்படைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்களே, அந்த விவகாரத்தில் 2020-இல் தீர்ப்புச் சொன்ன நடுவர் குழுவுக்கும் அலுவலகமாக இருந்தது ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் மன்றம்தான். வாதாடும் ஆசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஜெனீவா வேறு ரகம். 1927-இல் தொடங்கிய பட்டமேற்படிப்பு நிறுவனம், சுற்றிலும் உலக வர்த்தக அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ), ஐநா அகதிகள் ஆணையம். அங்கே தீர்ப்பு எழுதுவதைவிட, ஒரு ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்ற வருடக்கணக்கில் உட்கார்ந்து பேரம் பேசுவதுதான் வேலை. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022-இல் அங்கேதான் நிறைவேறியது. காசிமேட்டு விசைப்படகுக்கு வரும் மானிய டீசலுக்கும் அந்த மேஜைக்கும் சம்பந்தம் உண்டு. பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. வாடகை? கேட்காதீர்கள்.

மால்டா பலருக்குத் தெரியாது. ஐநாவின் கடல்சார் அமைப்பு 1988-இல் தொடங்கிய கடல்சட்ட நிறுவனம் அது, வளரும் நாட்டு வக்கீல்களை நினைத்தே தொடங்கியது. ஆய்வேட்டோடு நிற்காமல், தன் நாட்டுக்கு ஒரு கடல்சட்ட மசோதாவையும் எழுதிப் பழக வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே என் ஓட்டு அதற்கு. 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் வாளியால் கறுப்புக் கசடை அள்ளினார்கள், மீனை வாங்க ஆளில்லை. யார் எவ்வளவு இழப்பீடு தருவது என்ற கேள்வி முழுக்க இந்தப் படிப்புக்குள் வருகிறது. குறை என்னவென்றால், மனித உரிமை, வர்த்தகம் என்று பிறகு திசை மாறுவது கஷ்டம்.

சரி, பணமே இல்லையென்றால்? நம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலேயே பன்னாட்டுச் சட்ட எல்எல்எம் இருக்கிறது, வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். அதை முடித்துவிட்டு வெளிநாடு போனாலும் தப்பில்லை.

தம்பி லைடனை மூடிவிட்டான். ஜெனீவாவை இன்னும் மூடவில்லை, வாடகையைப் பார்த்ததும் மூடுவான்.