ஐபாடும் கார் செட்டும்: வயரா, ப்ளூடூத்தா, பென் டிரைவா?

என் பழைய ஆல்டோவில் வெளியே வாங்கிப் பூட்டிய செட்டில் ஆக்ஸ் (வெளியிலிருந்து வயர் போட்டுப் பாட்டு கேட்கும் துளை), யுஎஸ்பி, ப்ளூடூத் மூன்றும் உண்டு. கையில் இருப்பதோ 2014-லேயே விற்பனை நின்றுபோன ஐபாட் கிளாசிக், ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவி. "போன்ல கேட்டா ஆகாதா?" என்று மச்சான் சிரிக்கிறான். பத்து வருஷமாகச் சேர்த்த பாட்டெல்லாம் அதற்குள்தானே கிடக்கிறது! வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்கு அடிக்கடி போய்வருவதால், எல்லா வழியையும் அந்தச் சாலையிலேயே சோதித்துவிட்டேன்.

முதலில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால், 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான ஓரிடத்தில் நம் பாட்டை ஒலிபரப்பும். பெங்களூரை நெருங்க நெருங்க அந்த இடத்தில் வேறு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தவிர, எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வராது, ஜால்ரா மங்கிப்போகும். செட்டில் ஆக்ஸே இல்லாதவர்கள் மட்டும் வாங்கலாம்.

ப்ளூடூத் சுகமானது, மறுக்கவில்லை. ஆனால் ஐபாட் கிளாசிக்கில் அது கிடையாது. ஐபாட் வகைகளில் டச்சிலும், 2012-இல் வந்த ஏழாம் தலைமுறை நானோவிலும்தான் இருக்கிறது. ஆகவே போனுக்குத்தான் உதவும். பாட்டை அனுப்பும்போது மறுபடி ஒருமுறை சுருக்குகிறது என்று குறை சொல்வார்கள். ஜன்னலைத் திறந்து வைத்த ஆல்டோவில் அந்த வித்தியாசம் யார் காதுக்குக் கேட்கப்போகிறது? என் எரிச்சல் வேறு. சரணம் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து, மேப் அம்மாள் "இடதுபக்கம் திரும்பவும்" என்பாள்.

யுஎஸ்பி வழியாக ஐபாடைச் செருகினால் சார்ஜும் ஏறும், பாட்டும் வரும், பெயர்களும் செட்டின் திரையில் தெரியும். ஆனால் ஐபாடுக்கு ஒத்துவரும் செட்டாக இருந்தால்தான் இதெல்லாம். என்னுடையது அப்படியில்லை, சார்ஜ் மட்டும் ஏறியது. ஆண்ட்ராய்டு போனிலும் இதே கதைதான்: அது தன்னைப் பென் டிரைவ் என்று காட்டிக்கொள்ளாததால் பல செட்டுகளுக்கு அடையாளம் தெரிவதில்லை. பென் டிரைவ் என்றால் சிக்கலே இல்லை, எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்திருந்தால் போதும். எக்ஸ்எஃப்ஏடி, என்டிஎஃப்எஸ் போன்ற வேறு முறைகள் என்றால் சில செட்டுகள் முழிக்கும்.

கடைசியில் நான் நின்றது ஆக்ஸ் வயரில். அதிலும் இரண்டு வகை. ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் ஐபாடில் ஒரு வால்யூம், செட்டில் ஒரு வால்யூம். ஐபாடில் குறைத்துவிட்டுச் செட்டைக் கூட்டினால் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே வரும். ஐபாடை முழுக்கத் திருகினால் ஒலி உடையலாம். முக்கால் அளவில் வைப்பதே என் கணக்கு. இதைவிட நல்லது, அடிப்பக்கத்து 30 பின் சாக்கெட்டிலிருந்து லைன் அவுட் எடுக்கும் வயர். ஐபாடின் வால்யூமுக்கு அங்கே வேலையே இல்லை. ஹெட்போனுக்கான ஆம்ப்ளிஃபயரைத் தொடாமல் ஒலி நேராகச் செட்டுக்குப் போகும். பேஸ் (தாழ்ந்த ஒலி) கட்டுக்கோப்பாக விழுவது முதல் பாட்டிலேயே தெரிந்தது.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். வண்டியிலேயே சார்ஜ் போட்டபடி ஆக்ஸில் கேட்டால் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். "இன்னா சார், செட்டு பூட்ச்சி, மாத்திடு" என்றார் கடைக்காரர். கிட்டத்தட்ட மாற்றியிருப்பேன். சந்தேகத்தில் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், சத்தம் போயே போச்சு. சார்ஜரும் ஆக்ஸ் வயரும் ஆளுக்கொரு வழியில் எர்த் ஆகும்போது, வண்டிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டோடு கலந்துவிடுகிறது. ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்ன டப்பாவை மாட்டினால் அடங்கும். உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். மட்டமானதை வாங்கினால் பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும்.

நான் அதையும் வாங்கவில்லை. ராத்திரி வீட்டிலேயே ஐபாடை முழுசாகச் சார்ஜ் ஏற்றி எடுத்துவருகிறேன். ஆம்பூர் போய்த் திரும்ப அது தாராளம். வேலூர் வெயிலில் பேட்டரி உப்பிவிடக் கூடாதே என்று, இறங்கும்போது மறக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். மச்சான் வண்டியில் ஏறினால் மட்டும் ப்ளூடூத்.