நடு மெஷின் கையில் என்ன சிக்கும்? உள் சர்வருக்கு ஃபைல் அனுப்பும் வழிகள், ஓர் ஒப்பீடு

மதுரை அண்ணா நகரில் ஒரு ஸ்கேன் சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் எடுத்த எம்ஆர்ஐ, சிடி படங்கள் எல்லாம் விடிவதற்குள் மும்பை டேட்டா சென்டரில் இருக்கும் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த சர்வருக்குப் பொது ஐபி கிடையாது. 10-இல் தொடங்கும் உள் முகவரி மட்டும்தான். இணையத்துக்கு முகம் காட்டி நிற்பது ஒரு சின்ன லினக்ஸ் மெஷின், ஜம்ப் சர்வர். எது போனாலும் அதன் வழியாகத்தான். கே.கே. நகர் ஆடிட்டர் ஆபீஸானாலும் கப்பலூர் தொழிற்பேட்டை யூனிட்டானாலும் இன்றைக்கு அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

அனுப்ப நாலைந்து வழி இருக்கிறது. பெரும்பாலானவை எஸ்எஸ்ஹெச் மேல், அதாவது தூரத்து மெஷினுக்குள் பூட்டிய இணைப்பில் நுழையும் முறையின் மேல் ஓடுபவை. எல்லாமே ‘செக்யூர்’ என்று பெயர் வாங்கியவை. எனக்கு இவற்றைப் பிரித்துக் காட்டும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கே நடு மெஷினை ஒருவன் பிடித்துவிட்டால் அவன் கையில் என்ன சிக்கும்? நோயாளியின் படமா, உங்கள் கீயா (பாஸ்வேர்டுக்குப் பதில் உள்ளே நுழைய உதவும் ரகசிய ஃபைல்), தலையும் வாலும் புரியாத பைட்டுகளா? வேகத்தையும் வசதியையும் அதற்கப்புறம் பேசலாம். வேகத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. 50 எம்பிபிஎஸ் அப்லோடு லைனில் 20 ஜிபி போக எந்த வழியானாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். இழுத்துப் பிடிப்பது உங்கள் பிராட்பேண்ட்.

இரண்டு தவணையில் காப்பி

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எஸ்சிபி (எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைலைக் காப்பி செய்யும் கமாண்ட்) போட்டு ஜம்ப் சர்வருக்கு ஏற்று, அங்கே லாகின் செய், அங்கிருந்து உள்ளே இன்னொரு எஸ்சிபி. புரிவதற்கு எளிது. முதல் பாதி முடிந்து லைன் போனால் அந்தப் பாதியாவது மிச்சம்.

சிக்கலும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. ஃபைல் நடு மெஷினின் டிஸ்கில் திறந்த நிலையில் உட்கார்ந்திருக்கும். அழிப்பதாகச் சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார்; டெம்ப் ஃபோல்டரில் மாதக்கணக்கில் நோயாளிகளின் பெயரோடு படங்கள் குவியும். இது போக, இரண்டாவது தவணைக்கு ஒரு பிரைவேட் கீ தேவை என்பதால் அதையும் ஜம்ப் சர்வரிலேயே வைத்திருப்பார்கள். ஆக, பிடித்தவனுக்குப் படமும் கிடைக்கும், உள்ளே போகக் கீயும் கிடைக்கும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது என்பதை நிர்வாகத்திடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், டெம்ப் ஃபோல்டர் தானாகச் சுத்தமாகும்.

இருந்தாலும் இந்த முறையை ஒரேயடியாகத் தள்ள முடியாது. சில பெரிய நிறுவனங்களின் ஜம்ப் சர்வரில் டிசிபி ஃபார்வர்டிங்கை, அதாவது வரும் இணைப்பை அப்படியே உள்ளே கடத்திவிடும் வசதியை, கொள்கையாகவே மூடி வைத்திருப்பார்கள். அங்கே வேறு வழியில்லை. அப்படியானால் மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே, உள் சர்வரின் பொறுப்பாளர் கொடுத்த பப்ளிக் கீயை (பூட்ட மட்டும் உதவும்; திறக்கும் கீ அவரிடம் மட்டும்) வைத்து ஜிபிஜி என்ற என்க்ரிப்ஷன் கருவியால் பூட்டி அனுப்புங்கள். நடுவில் கிடந்தாலும் பூட்டிய பொருளாகக் கிடக்கும். நடுவில் வைரஸ் ஸ்கேன் நடக்கிறது என்றால் மட்டும் இது உதவாது. பூட்டியதை ஸ்கேனரால் பார்க்க முடியாதே.

ஏஜென்ட் ஃபார்வர்டிங்

இதன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பகை. கீயை ஜம்ப் சர்வரில் வைக்காமல் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டு, அதை வைத்துக் கையெழுத்துப் போடும் (‘கீ என்னிடம் இருக்கிறது’ என்று நிரூபிக்கும்) ஏஜென்ட் என்ற புரோகிராமை மட்டும் ஒரு சாக்கெட் (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக அங்கே நீட்டுவது. மேலோட்டமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் நீங்கள் இணைப்பில் இருக்கும் நேரம் முழுக்க, ஜம்ப் சர்வரில் ரூட் எனப்படும் முழு அதிகாரம் உள்ள எவனும் அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்தி உங்கள் பெயரில் எந்த சர்வருக்குள்ளும் நுழையலாம். கீ திருட்டுப் போகாது; கீ செய்யும் வேலை திருட்டுப் போகும். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் டாட் ஆர்க் என்ற அரட்டைத் தளத்தின் சர்வர்களுக்குள் புகுந்தவர் உள்ளே பரவ உதவியது இப்படி நீட்டப்பட்ட ஏஜென்ட்தான். 2023 ஜூலையில் இன்னொன்று: ஏஜென்டை நீட்டினால் உங்கள் லேப்டாப்பிலேயே அந்நியன் கோட் ஓட வைக்கக்கூடிய ஓட்டை, சிவிஇ-2023-38408 என்ற எண்ணில் பதிவானது, எஸ்எஸ்ஹெச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 9.3பி2 பதிப்பில் அடைக்கப்பட்டது.

2022-இல் வந்த 8.9 பதிப்பிலிருந்து, எந்தெந்த சர்வருக்கு மட்டும் கீ வேலை செய்யலாம் என்று ஏஜென்டுக்கு வரம்பு போடலாம். நல்ல வசதி. ஆனால் இவ்வளவு செய்த பிறகும் ஃபைல் என்னவோ நடு மெஷினின் டிஸ்கில்தான் இறங்கி ஏறுகிறது.

ப்ராக்ஸி ஜம்ப்

2016 ஆகஸ்டில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3, ஜம்ப் சர்வரை வெறும் வழியாக மட்டும் பயன்படுத்தும் இந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் ப்ராக்ஸி கமாண்ட் என்ற செட்டிங்கில் மைனஸ் பெரிய டபிள்யூ போட்டு இதையே செய்தார்கள், எழுதத்தான் சிரமம்.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் ஏற்றிவிடும் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: கண்டக்டர் கையில் இருப்பது தைத்து ஒட்டிய மூட்டை, உள்ளே என்ன என்பது அனுப்பியவருக்கும் வாங்குபவருக்கும்தான் தெரியும். ப்ராக்ஸி ஜம்பிலும் ஜம்ப் சர்வர் ஒரு டிசிபி இணைப்பை உள்ளே தள்ளிவிடுவதோடு சரி. எஸ்எஸ்ஹெச் கைகுலுக்கல் உங்கள் லேப்டாப்புக்கும் உள் சர்வருக்கும் நேரடியாக நடக்கிறது. ஃபைல் நடுவில் டிஸ்கைத் தொடுவதில்லை, கீயும் அங்கே போவதில்லை. இரண்டு அடுக்கு என்க்ரிப்ஷன் என்பதால் லேப்டாப்பின் சிபியு கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இப்போதைய மெஷின்களில் அது கணக்கிலேயே வராது.

எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் உள் சர்வரின் பெயருக்குக் கீழே ப்ராக்ஸி ஜம்ப் என்று ஒரு வரி போட்டுவிட்டால் எஸ்சிபி, எஸ்எஸ்ஹெச் மேலேயே ஃபைல் அனுப்பும் இன்னொரு கருவியான எஸ்எஃப்டிபி, இல்லாததையும் மாறியதையும் மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், மூன்றுமே அதைப் படித்துக்கொள்ளும். ஜம்ப் சர்வர் பழைய பதிப்பாக இருந்தாலும் கவலையில்லை. பார்க்க வேண்டியது உங்கள் பக்கத்துப் பதிப்பை.

இந்த முறையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. முதல் முறை இணையும்போது உள் சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரின்டை (அதன் சுருக்கக் குறியை) காட்டி ‘யெஸ்ஸா நோவா’ என்று கேட்கும். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கேட்டால், “அண்ணே, அதுக்கு யெஸ் அடிச்சுட்டேன், உள்ள போயிருச்சு” என்பார். உள்ளே போனது சரி, எதன் உள்ளே? ஜம்ப் சர்வர் ஏற்கனவே பிடிபட்டிருந்தால் அதுவே உள் சர்வராக வேஷம் போட்டிருக்கலாம். மூட்டையின் தையல் நிற்பது அந்த ஒரு யெஸ்ஸில். கிளவுட் கன்சோலிலோ, சர்வர் பொறுப்பாளரிடம் போனிலோ ஃபிங்கர்பிரின்டை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டு யெஸ் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

ஜம்ப் சர்வர் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதற்கென்று தனி யூசர், அதன் ஷெல்லுக்கு (கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு) நோலாகின் போட்டு மூடிவிட வேண்டும். எந்தெந்தக் கீ உள்ளே வரலாம் என்று சொல்லும் ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைலில், எல்லா வசதியையும் மூடும் ரெஸ்ட்ரிக்ட் போட்டு, போர்ட் ஃபார்வர்டிங்கை மட்டும் திறந்து, எங்கே போகலாம் என்று சொல்லும் பெர்மிட் ஓப்பனில் உள் சர்வரின் எஸ்எஸ்ஹெச் வாசலான 22-ஆம் போர்ட்டை மட்டும் குறித்துவிட வேண்டும். அந்தக் கீ தொலைந்தாலும் அதை வைத்து ஜம்ப் சர்வரில் ஒரு கமாண்டும் அடிக்க முடியாது, பக்கத்து சர்வருக்குத் தாவவும் முடியாது.

மூன்று கருவிகளில் எது? எஸ்சிபி 2022-இல் வந்த 9.0-இலிருந்து உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியாகவே ஓடுகிறது, எனவே பழைய எஸ்சிபி முறையின் பாதுகாப்பு பற்றிய பயம் குறைந்துவிட்டது. ஆனாலும் பராமரிப்பு மின்தடை நாளில் பாதியில் அறுந்தால் எஸ்சிபி முதலிலிருந்து தொடங்கும். ஆர்சிங்க் ஏற்கனவே போன படங்களை விட்டுவிடும். பார்ஷியல் ஆப்ஷன் போட்டிருந்தால் பாதியில் நின்ற ஃபைலின் போன பகுதியையும் வீணாக்காது. ஸ்கேன் சென்டர் மாதிரி ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல் உள்ள இடத்தில் என் ஓட்டு ஆர்சிங்குக்கு. உள் சர்வரில் எஸ்எஃப்டிபி மட்டும் திறந்து ஒரே ஃபோல்டரில் பூட்டி வைத்திருந்தால் ஆர்சிங்க் ஓடாது, மறுமுனையிலும் அது இயங்கியாக வேண்டும். அங்கே, பாதியில் நின்றதைத் தொடரும் எஸ்எஃப்டிபியின் ரீபுட் கமாண்டை வைத்து ஒப்பேற்றலாம்.

விண்டோஸ் மேஜையில்

ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில் டெர்மினல் திறக்கச் சொன்னால் நடக்காது. விண்டோஸில் மவுஸால் ஃபைல் அனுப்பும் வின்எஸ்சிபி என்ற மென்பொருளில் டனல் என்று ஒரு பக்கம் இருக்கிறது; ஜம்ப் சர்வர் விவரத்தை அங்கே கொடுத்து சேமித்துவிட்டால் மற்றபடி இழுத்துப் போடும் வேலைதான். பாதுகாப்பு ப்ராக்ஸி ஜம்ப் அளவுக்கே.

கையால் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, லோக்கல்ஹோஸ்ட் 2222 (தங்கள் மெஷினிலேயே உள்ள ஒரு போர்ட்) வழியாக அனுப்புபவர்களும் உண்டு. ஒரே போர்ட்டில் இன்று ஒரு சர்வர், நாளை இன்னொன்று என்று மாற்றுவார்கள்; ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று எச்சரிக்கை கத்தும்; எரிச்சலில் அந்தச் சோதனையையே அணைத்துவிடுவார்கள். மேலே சொன்ன தையல் அங்கே பிரிந்துவிடும். ஒவ்வொரு சர்வரின் கீக்கும் தனிப் பெயர் வைக்கும் ஹோஸ்ட் கீ ஏலியாஸ் என்ற ஒரு வரி போட்டால் கத்தாது.

வயர்கார்ட்

2020 மார்ச்சில் லினக்ஸின் மையமான கர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்ட விபிஎன், அதாவது இணையத்தின் மேல் போடும் தனிப் பூட்டிய பாதை. யுடிபியில் ஓடும், கீ தெரியாதவனுக்குப் பதிலே சொல்லாது. நம்மூருக்குப் பிடித்தமான குணம் ஒன்று உண்டு: பிராட்பேண்ட் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் உள் முகவரி மாறாததால், ஓடிக்கொண்டிருக்கும் ஆர்சிங்க் பெரும்பாலும் அறுவதில்லை. இதில் ப்ராக்ஸி ஜம்ப் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் இது கேட்டதைவிட அதிகம் தரும். ஃபைல் அனுப்ப வந்த மெஷினுக்கு டேட்டாபேஸ், அட்மின் பேனல் என்று உள் நெட்வொர்க்கே தெரியத் தொடங்கும். ஃபயர்வாலில் நறுக்கிவிட்டால்தான் உண்டு. வயர்கார்டின் என்க்ரிப்ஷன் ஜம்ப் சர்வரோடு முடிவதையும் மறக்கக் கூடாது. அதற்குள்ளே எஸ்எஃப்டிபி ஓடினால் சரி. ‘விபிஎன்தான் இருக்கே’ என்று பூட்டே இல்லாத வெறும் எஃப்டிபியை ஓட்டினால் நடு மெஷின் எல்லாவற்றையும் வாசிக்கும். தினம் பல பேர் பல கருவியோடு உள்ளே வரும் வடபழஞ்சி கம்பெனிக்கு இது பொருந்தும். ராத்திரி ஒரு வேலைக்கு இவ்வளவு தேவையில்லை.

ஆக, ஸ்கேன் சென்டருக்கு நான் சொல்வது ப்ராக்ஸி ஜம்ப் மேல் ஆர்சிங்க். இந்த வேலைக்கென்று தனிக் கீ, ரிசப்ஷனுக்கு வின்எஸ்சிபி. இதில் ஒரு வில்லங்கம்: ஜம்ப் சர்வரின் லாகில் (நடந்ததைக் குறிக்கும் பதிவேட்டில்) யார் எப்போது வந்தார் என்பது இருக்கும், எந்த ஃபைல் போனது என்பது இருக்காது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஃபைல் பெயர் வேண்டுமென்றால், எஸ்எஃப்டிபியில் அனுப்பும்போது உள் சர்வரின் எஸ்எஃப்டிபிக்கு லாக் லெவல் இன்ஃபோ என்று போட வேண்டும். ஆர்சிங்கில் போவது அதில் பதியாது, அதற்கு லாக் ஃபைல் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.