குதிரைவீரன் அச்சு: சில கிறிஸ்துமஸ்களுக்குப் பிறகு

ஜனவரி வந்துவிட்டால் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பலகாரச் சாமான்களின் விலையைச் சட்டென்று இறக்கிவிடுவார்கள். அப்படி விலை குறைந்த பேரிமர பிஸ்கட் அச்சு ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கெர்லே செய்ய இதை வாங்கலாமா? நீதான் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறாயே" என்று தோழி கேட்டிருந்தாள். என்னுடைய அச்சு பிளந்து, தச்சரிடம் பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. முடிந்தவரை நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன்.

ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்பிரிங்கெர்லே என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மாவில் அச்சால் படம் பதித்துச் சுடும் கிறிஸ்துமஸ் பிஸ்கட் அது. நாலு முட்டை, அரை கிலோ பொடித்த சர்க்கரை, அரை கிலோ மைதா, மாவை எழும்ப வைக்க கத்தி முனையில் எடுக்கிற அளவு மான்கொம்பு உப்பு, பெருஞ்சீரகம் போல மணக்கும் சின்ன விதையான அனீஸ். வெண்ணெய் கிடையாது. செய்முறை எங்கும் கிடைக்கும், அதனால் அதற்குள் போகவில்லை. இந்தப் பலகாரத்தின் உயிர் அச்சில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகை. அதில் ஒரு குதிரைவீரன். பேரிமரத்தில் செதுக்குவதற்குக் காரணம் உண்டு. அந்த மரம் கெட்டியானது, இழை மிக நெருக்கமானது. கண்ணுக்குத் தெரிகிற துளைகள் கிடையாது என்பதால் மரத்தின் வரி மாவில் பதியாது, செதுக்கியது மட்டும் பதியும். சூரிச்சில் உள்ள சுவிஸ் தேசிய அருங்காட்சியகத்தில், சுவிட்சர்லாந்தின் வில் (Wil) என்ற ஊரிலுள்ள புனித கத்தரினா மடத்திலிருந்து வந்த 14ஆம் நூற்றாண்டு அச்சு ஒன்று இருக்கிறது. வட்டமானது, ஈஸ்டர் ஆட்டுக்குட்டி செதுக்கியது. அத்தனை காலமாக இந்த வேலையின் அடிப்படை மாறவில்லை. உட்குழிவாகச் செதுக்கு, மாவில் அழுத்து, தூக்கு.

அந்தத் தூக்குகிற கணத்துக்காகவே இந்த மரத்தைப் பாராட்டலாம். மாவை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மேலே மாவுத்தூளை உள்ளங்கையால் மெல்லத் தடவி, அச்சை வைத்து இரண்டு கையாலும் நேராக அழுத்த வேண்டும். ஆட்டக்கூடாது, சாய்க்கக்கூடாது. பிறகு நேர் மேலே தூக்கினால், மாவு ஒரு நொடி அச்சோடு கூடவே எழும்பி, அப்புறம் தானாகவே விட்டுக் கீழே உட்காரும். அதில் குதிரையின் பிடரிமயிர் இழை இழையாக நிற்கும். சேணத்தின் வார், அதிலிருக்கிற கொக்கி, வீரனின் தொப்பியில் செருகிய இறகு, எல்லாம் இருக்கும். விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கடிவாளத்தின் நிழல்கூட மாவில் விழும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

படம் கெடக்கூடாது என்பதற்காக அனீஸை மாவில் கலக்காமல் தட்டில் தூவி, அதன்மேல் பிஸ்கட்டுகளை வைப்பேன். மணம் அடியிலிருந்து ஏறும். நம் கடையில் வாங்கிய பெருஞ்சீரகத்தைத் தூவிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மணம் கிட்டத்தட்ட வரும், ஆனால் அது பெரிய விதை, அடியில் குத்திக்கொண்டு நிற்கும். சின்ன அனீஸே வாங்குங்கள்.

அடுத்தது கால். ஸ்பிரிங்கெர்லே சரியாக வந்ததா என்று ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய சுவாபியப் பகுதிப் பெண்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். அச்சடித்த துண்டுகளை ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டமில்லாத இடத்தில் உலர விட வேண்டும். மேல்பரப்பு காய்ந்து ஓடு கட்டிவிடும், அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். அடுப்பில் வைத்ததும் உள்ளே எழும் வாயு காய்ந்த மேல்பரப்பை உப்ப வைக்க முடியாமல், அதை அப்படியே நேராக மேலே தூக்கும். படம் துளியும் சிதையாமல் மேலே போக, அடியில் சுற்றிலும் விளிம்பு மாதிரி ஒரு பகுதி புதிதாக முளைக்கும். அதுதான் கால். உலரும்போது ஒரு பக்கம் ஜன்னல் காற்று பட்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் அதிகம் காய்ந்து, கால் கோணலாக வரும், வீரன் குதிரையோடு சாய்ந்து நிற்பான். அடுப்பின் சூடு 150 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் மேலே வெள்ளையாகவே இருக்கும். நான் அதற்கும் கொஞ்சம் கீழேயே வைப்பேன்.

மான்கொம்பு உப்பைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் மான்கொம்பிலிருந்து எடுத்தார்கள், இப்போது அம்மோனியம் சேர்மங்களாகவே சின்னப் பொட்டலத்தில் கடையில் கிடைக்கிறது. சூடு ஏறியதும் அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என்று பிரிந்து போய்விடும். அடுப்புக் கதவைத் திறக்கிறபோது கண்ணில் நீர் வரவைக்கும் அந்த வாடை ஆறினதும் இருக்காது. பிஸ்கட் சன்னமாக இருப்பதால் வாயு முழுதாக வெளியேறிவிடுகிறது. கனமான கேக்கில் இதைப் போடவே கூடாது, உள்ளேயே தங்கிவிடும்.

இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்த அச்சு முதல் குளிர்காலத்திலேயே பிளந்தது.

தண்ணீரில் கழுவக்கூடாது என்று வாங்கும்போதே எழுதித் தந்திருந்தார்கள். நான் கழுவியதே இல்லை. வேலை முடிந்ததும் உலர்ந்த தூரிகையால் தட்டி, பிடரிமயிர்க் குழிகளில் மாட்டிய மாவைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். சூடேற்றும் குழாய்களுக்குப் பக்கத்தில் அந்த அலமாரி இல்லை. அப்படியும் பிப்ரவரியில் எடுத்துப் பார்த்தபோது குதிரையின் காதுக்கு மேலே தொடங்கி, கழுத்து வழியாக முன்னங்கால் வரை மயிரிழை போல ஒரு பிளவு. மரம் உலர்ந்தால் இழையின் குறுக்கே சுருங்கும், பிளவு இழையோடு ஓடும். உறைபனி நாட்களில் சூடேற்றிய வீட்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு இறங்கும் என்பது இங்கே வாழ்கிற எல்லாருக்கும் தெரியும், உதடு வெடிக்கிறதே. அந்தக் காற்றில் வைத்துப் பயன்படுத்தத்தானே இந்தப் பொருளையே விற்கிறார்கள்? அதைத் தாங்கும்படி மரத்தை முதலில் நன்றாக உலர்த்திவிட்டுச் செதுக்கியிருக்க வேண்டும்.

வாங்கிய கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணீர் பட்டிருக்கும்" என்று ஒரே வரியில் பதில். படவில்லை என்று விளக்கி மறுபடி எழுதினால், "மரம் இயற்கைப் பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது" என்று வந்தது. இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. கை வேலைப்பாடு, தலைமுறைக்கும் நிற்கும் என்றெல்லாம் எழுதி விற்கிற பொருளுக்கு இந்தப் பேச்சு ஆகாது. விலை சின்ன விலையும் இல்லை.

பக்கத்து ஊரில் பழைய மேசை நாற்காலிகளைச் சீர்படுத்தும் தச்சர் ஒருவர் கைக்கு அச்சைக் கொடுத்தேன். உணவு படுகிற இடத்துக்கு ஏற்ற பசையை விட்டு, இடுக்கியில் இறுக்கி வைத்துச் சேர்த்தார். பின்பக்கம் விரலால் தடவினால் பிளவு தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. முன்பக்கத்தில் ஆழமான செதுக்கல்களுக்குள் கருவியை விட்டால் படம் போய்விடும் என்று அங்கே கை வைக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் அழுத்தி எடுக்கிற ஒவ்வொரு பிஸ்கட்டிலும் குதிரையின் கழுத்தில் ஒரு மெல்லிய கோடு எழுந்து நிற்கிறது. மாவு ஈரமாக இருக்கும்போது தெரியாது. உலர்ந்து வெளுத்ததும் தெளிவாகத் தெரியும். சுடும்போது மேல்பரப்பு அசையாமல் அப்படியே உயர்வதால் கோடும் அப்படியே உயர்கிறது. எந்தக் குணத்துக்காக இந்தப் பலகாரத்தைக் கொண்டாடுகிறோமோ அதுவே இந்தக் குறையையும் காப்பாற்றி வைக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான், படம் அப்புறம்தான்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருப்பது பிசினும் மரத்தூளும் கலந்து வார்த்த அச்சு. பழைய மர அச்சுகளிலிருந்து நேரடியாகப் படியெடுத்தது என்பதால் நுணுக்கத்தில் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு விலைதான். இரவல் வாங்கி என்னுடையதோடு சேர்த்து வைத்துச் செய்து பார்த்தேன். மரம் மாவுத்தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நாலைந்து தடவை அழுத்திவிட்டுத் தூவினால் போதும். பிசின் அச்சில் ஒவ்வொரு தடவையும் தூவ வேண்டும், இல்லையென்றால் மூலைகளில் மாவு பிடித்துக்கொள்ளும். எடையும் பிடிப்பும் மரத்துக்கு ஈடாக வராது. சுட்டு எடுத்த பிறகு இரண்டையும் தட்டில் கலந்து வைத்தால் எது எந்த அச்சு என்று சொல்வது கஷ்டம், கோடு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அவர் அந்த அச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் தூரிகை போட்டுக் கழுவித் துடைத்து வைக்கிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

உருட்டுக்கட்டை மாதிரி வருகிற அச்சைப் பற்றியும் தோழி கேட்டிருந்தாள். படங்கள் சின்னவை, ஆழம் குறைவு, இரண்டு ஓரத்திலும் அழுத்தம் ஒரே மாதிரி விழாது. குழந்தைகளோடு சேர்ந்து செய்ய நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, எந்த அச்சு வாங்கினாலும் இதைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் செய்யாதீர்கள். சுட்ட அன்று ஸ்பிரிங்கெர்லே பல்லைப் பதம் பார்க்கும். தகர டப்பாவில் ஒரு ஆப்பிள் துண்டோடு இரண்டு மூன்று வாரம் இருந்தால்தான் உள்ளே மெத்தென்று ஆகி, அனீஸ் மணம் முழுக்க ஊறும். துண்டை அடிக்கடி மாற்ற வேண்டும், விட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகும். பக்கத்து வீட்டு அம்மா நவம்பர் பாதியிலேயே தொடங்கிவிடுகிறார். இப்போது நானும் அப்படித்தான்.

ஆக, தோழிக்கு என் பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. அந்த மரம் எத்தனை குளிர்காலம் உலர்ந்தது, உடைந்தால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் தருகிற செதுக்குபவர் கிடைத்தால் மட்டும் யோசி. இல்லையென்றால் பிசின் அச்சு ஒன்று வாங்கு. மிச்சப் பணத்துக்கு முட்டையும் சர்க்கரையும் அடிக்க நல்ல இயந்திரம் ஒன்று வாங்கிக்கொள். அந்தக் காலத்தில் கையாலேயே ஒரு மணி நேரம் அடித்தார்களாம், அந்தப் பாடு உனக்கு வேண்டாம். என்னுடைய குதிரைவீரனை விலைக்குத் தருகிறாயா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.