மீஸ்: நோட், பைத்தான் பதிப்புகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள

ஒரு ப்ராஜெக்ட்டுக்கு நோட் 18, அடுத்ததற்கு 22, பழைய ஸ்கிரிப்ட் ஒன்றுக்குப் பைத்தான் 3.9. இவையெல்லாம் ஒரே லேப்டாப்பில் இருக்க வேண்டுமென்றால் இன்றைக்கு மீஸ்தான் சரியான கருவி. நோட்டுக்கு என்விஎம், பைத்தானுக்குப் பைஎன்வி, ரூபிக்கு ஆர்பிஎன்வி என்று தனித்தனிக் கருவிகள் பார்த்த வேலையை இது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. 2024 தொடக்கம் வரை இதன் பெயர் ஆர்டிஎக்ஸ். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர் வந்தால் இதுதான்.

மாறியதும் முதலில் தெரிவது வேகம். என்விஎம் தனி புரோகிராம் அல்ல, பெரிய ஷெல் ஃபங்ஷன். ஒவ்வொரு முறை டெர்மினலைத் திறக்கும்போதும் அது முழுவதும் ஏற வேண்டும். மீஸ் ரஸ்ட் மொழியில் எழுதிய, ஓடத் தயாரான ஒற்றை பைனரி என்பதால் அந்த இழுவை இல்லை.

பைத்தானில் கிடைக்கும் நிம்மதி இன்னும் பெரியது. பைஎன்வி பைத்தானை மூல நிரலிலிருந்து உங்கள் லேப்டாப்பிலேயே கம்பைல் செய்யும். உபுண்டுவில் அதற்கு வேண்டிய லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியின் டெவ் பேக்கேஜ் இல்லாவிட்டாலும் இன்ஸ்டால் முடிந்துவிடும். நடுவில் ஓடிய எச்சரிக்கையை யாரும் கவனிப்பதில்லை. சில நாள் கழித்து, அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் சி-டைப்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்யும்போதுதான் குட்டு உடைபடும். மீஸ் முன்பே கம்பைல் செய்த பைத்தானை இறக்கிக்கொள்வதால் இந்தச் சிக்கலே வருவதில்லை.

மீஸை இயக்கிவிடும் ஆக்டிவேட் வரியை, டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் போடுங்கள். பழைய என்விஎம் வரிகளை அப்போதே நீக்கிவிடுங்கள். அவை கீழே மிச்சமிருந்தால், கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத்தில் என்விஎம்மின் ஃபோல்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மீஸ் 22 என்று காட்டும், ஆனால் ஓடுவது 18 ஆக இருக்கும். சந்தேகம் வந்தால் ‘விச் நோட்’ அடித்துப் பாருங்கள். மீஸின் இன்ஸ்டால்ஸ் ஃபோல்டர் வராவிட்டால் கோளாறு அங்கேதான்.

‘மீஸ் யூஸ் நோட்@22’ என்று கொடுத்தால் ப்ராஜெக்ட்டின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் மீஸ்.டாமல் ஃபைலில் 22 என்று மட்டுமே பதிவாகும். உங்களிடம் ஒரு 22, சக ஊழியரிடம் அதற்குப் பிந்தைய இன்னொரு 22 இருந்தால் இரண்டு பேருக்கும் விளைவு வேறுபடலாம். குழுவாக வேலை செய்யும் இடத்தில் ‘பின்’ என்ற தெரிவைச் சேர்த்து முழு எண்ணையும் பதிய வைப்பதே பாதுகாப்பு. இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது.

குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் கிரானில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஆக்டிவேட் வேலை செய்வது, டெர்மினல் கமாண்டுக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் தோன்றும்போது. கிரானில் ப்ராம்ப்ட் ஏது? சிஸ்டத்தில் இருக்கும் பழைய நோட் ஓடும், அல்லது கமாண்டே இல்லை என்று பிழை வரும். கிரான் வரியில் முதலில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போய், பிறகு மீஸ் பைனரியின் முழுப் பாதையோடு ‘எக்ஸெக்’ கொடுங்கள். கிரான் தொடங்குவது ஹோம் ஃபோல்டரில் என்பதால் முதல் படியை விட்டால் ப்ராஜெக்ட்டின் மீஸ்.டாமல் கண்ணில் படாது. ஐகானைச் சொடுக்கித் திறக்கும் எடிட்டருக்கும் இதே நோய்தான். சரியான பதிப்புக்குத் திருப்பிவிடும் மீஸின் ஷிம்ஸ் ஃபோல்டரை, லாகின் செய்யும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் ஃபைல் வழியாகப் பாத்தில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

நோட் பதிப்பை மாற்றினால், அதன் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் குளோபலாகப் போட்டவை பழைய பதிப்போடு தங்கிவிடும், மறுபடி போட வேண்டும்.

‘மீஸ் ப்ரூன்’ எந்த மீஸ்.டாமலும் கேட்காத பதிப்புகளை அழித்து இடம் மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு ப்ராஜெக்ட்டின் பைத்தான் பேக்கேஜ்களைத் தனியே வைக்கும் விஇஎன்வி-க்குள் இருக்கும் பைத்தான் வெறும் சிம்லிங்க், அதாவது வேறிடத்து ஃபைலைச் சுட்டும் குறிப்பு. அது சுட்டும் பதிப்பு போய்விட்டால், ஃபைல் கண்முன்னே இருந்தும் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று டெர்மினல் சொல்லும். அந்த விஇஎன்வி ஃபோல்டரை அழித்து, புதிதாக உருவாக்கி, ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சிம்லிங்கைக் கையால் வேறு பதிப்போடு ஒட்டவைக்க முயல வேண்டாம். 3.11-க்காகக் கம்பைல் ஆன பேக்கேஜ்கள் பெரும்பாலும் 3.12-ல் ஓடாது.