கீர்த்தனைப் பயணம்: இங்கிலாந்தா, கனடாவா?

பஞ்சாபிலிருந்து கிளம்பும் ராகி ஜத்தா (குருத்வாராக்களில் சீக்கியக் கீர்த்தனை பாடும் குழு) என்றால் பெரும்பாலும் மூன்று பேர், ஆர்மோனியம் இரண்டு, தபலா ஒன்று. முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே என்று கேட்டால் நான் இங்கிலாந்தைத்தான் சொல்வேன். விடியற்காலை லண்டன் சவுத்தாலில் ஆசா தி வார் என்ற காலைப் பாடல்களைப் பாடிவிட்டு, குருத்வாராவின் பொதுச் சமையற்கூடமான லங்கரில் சாப்பிட்டுக் காரில் ஏறினால் சாயங்காலம் பர்மிங்காமில் உட்கார்ந்து பாடலாம், அவ்வளவு பக்கம்.

கனடா அப்படியில்லை. மேற்குக் கரைப் பக்கமுள்ள சர்ரேயிலிருந்து டொராண்டோ பக்கத்து பிராம்ப்டன் போக விமானத்திலேயே நாலு மணி நேரத்துக்கு மேல். தில்ருபா, தாவுஸ் என்ற வில் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒவ்வொரு விமானமும் வயிற்றில் புளியைக் கரைக்கும். குளிர்காலத்தில் ஹீட்டரின் வறண்ட காற்றில் தபலாத் தோலின் சுருதி நிற்காது, அது தனித் தலைவலி.

சரி, கூட்டம்? அதில் கனடாதான். 2021 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 7.7 லட்சம் சீக்கியர்கள், இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 5.2 லட்சம். பஞ்சாபிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள் கனடாவில் நிறைய, ஷபத் என்னும் பக்திப் பாடலைத் தொடங்கினாலே கூடப் பாடுவார்கள். பிரிட்டனில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் திரையில் ஓடும் ஆங்கிலப் பொருளைப் பார்த்துத்தான் பின்தொடர்கிறார்கள். ஆனால் ராகத்தைப் பற்றி நிறுத்திக் கேள்வி கேட்பதும் அந்தப் பிள்ளைகள்தான், எனக்கு அது பிடிக்கும்.