மதர்போர்ட் எரிந்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இருந்து கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குத் திருத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 18,500 ரூபா கொடுத்தேன். ஆறு வருடமாக நான் தயாரித்த வினாத்தாள்களும் அழிந்துவிட்டன. கொம்பியூட்டரில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

வீட்டில் கணிதம் ரியூசன் கொடுக்கிறேன். பழைய டெஸ்க்டொப், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டால், கொம்பனியின் சின்னம் வந்து அப்படியே நின்றுவிட்டது. ஐந்தாறு தரம் ஓஃப் பண்ணிப் போட்டும் அசையவில்லை. அன்று பின்னேரம் ஓ.எல். பிள்ளைகளுக்கு மாதிரித் தாள் அடிக்க வேண்டும். வயர்களைக் கழற்றி, பெட்டியை மட்டும் உரப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் கடையில் இருந்து போன் வந்தது. "மதர்போர்ட் எரிஞ்சிட்டுது ரீச்சர். லினக்ஸ் போட்டா இப்பிடித்தான் ஹாட்வெயாரை அடிக்கும். வேற போர்ட் மாத்தி விண்டோஸ் போட்டுத் தாறன்." மதர்போர்ட் என்றால் பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் பெரிய பலகை. வினாத்தாள்கள் இருக்கும்தானே தம்பி என்று கேட்டேன். "ஓம் ரீச்சர், ஒண்டும் போகாது."

மூன்றாம் நாள் போர்டுக்கு 14,000, கூலி 4,500 என்று வாங்கினார்கள். பில் கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள். கடையில் போட்டுக் காட்டியபோது நன்றாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் கொழுவிப் போட்டேன். திரும்பவும் அதே சின்னம், அதே நிலை.

அப்போதுதான் யோசித்தேன். கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்றால் வீட்டில் கொழுவியிருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். பிரிண்டரைக் கழற்றினேன், மாற்றமில்லை. ஸ்பீக்கர், அதுவும் இல்லை. ஒரு துளையைப் பல துளையாக்கும் யூ.எஸ்.பி. ஹப்பைக் கழற்றிவிட்டுப் போட்டதும் விறுவிறென்று ஓடியது. அந்த ஹப்பின் பக்கத்தில் மெமரி கார்ட் போடும் துளை உண்டு. பழுது வருவதற்கு முதல் நாள் ஒரு மாணவி படம் எடுக்கக் கொண்டுவந்த கமரா கார்ட் அதற்குள்ளேயே இருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸ் போட்டபோது பென் டிரைவில் இருந்து ஏற்றுவதற்காக, சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி எதில் இருந்து ஏற்றுவது என்று பார்க்கும் பயோஸில் யூ.எஸ்.பி.யை முதலில் வைத்தவள் நான், பிறகு மாற்றவில்லை. பயோஸ் அந்த கார்டை ஒரு டிஸ்க் என்று நினைத்து, அதில் இருந்து ஏற்றப் பார்த்து அங்கேயே சிக்கி நின்றிருக்கிறது. ஹாட் டிஸ்க்கை முதலில் வைத்த பிறகு, கார்டோடேயே ஓடுகிறது. கொம்பனிச் சின்னத்தில் நிற்கிற நேரத்தில் லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. அதன் மேல் பழி போட்டது முழுப் பொய். ஹப் இல்லாமல் அவர்களுடைய மேசையில் அந்தப் பெட்டி முதல் தரமே ஓடியிருக்கும். ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் எரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியில் "2022 மாசி" என்று நீல மையில் என் கையெழுத்து. ராம் செருகும் துளை ஓரமெல்லாம் எங்கள் வீதியின் சிவந்த புழுதி. புதிதாகப் போட்ட போர்டாம்! கொம்பியூட்டரை முதலில் வாங்கியபோது தந்த உத்தரவாத அட்டையில் இருந்த தொடர் இலக்கமும் போர்டில் ஒட்டியிருந்த இலக்கமும் ஒன்றே.

அட்டையோடு திரும்பப் போனேன். பழைய பற்றரியைத்தான் புதிய போர்டில் போட்டோம் என்றார்கள். பழைய போர்டைக் காட்டுங்கள் என்றால் எறிந்துவிட்டார்களாம். இலக்கத்தைக் காட்டி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன் என்ற பிறகுதான் 14,000 திரும்ப வந்தது. கூலி வரவில்லை.

கடைக்குத் தூக்குவதற்கு முன் கீபோர்டையும் திரையையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தரம் போட்டுப் பாருங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகக் கொழுவுங்கள். தனியாகக் கரண்ட் எடுக்கும் மலிவான ஹப் சில, பெட்டிக்குள் பின்வழியாகக் கரண்ட் அனுப்பியும் பூட் ஆகவிடாமல் பண்ணும். சின்னத்தைத் தாண்டி லினக்ஸ் ஏறும்போது நின்றால் கதை வேறு: லினக்ஸ் ஏறுவதற்கு முன் வரும் கிரப் (GRUB) பட்டியலில் ஆங்கில e எழுத்தை அழுத்தி, குவைட் (quiet), ஸ்பிளாஷ் (splash) என்ற இரண்டு சொற்களையும் அழித்து எஃப் 10 அழுத்தினால், எங்கே நிற்கிறது என்று வரிவரியாகத் தெரியும். யூ.எஸ்.பி. என்ற வரியில் மைனஸ் 110 என்று வந்தால், அந்தச் சாமான் நேரத்துக்குப் பதில் தரவில்லை என்று பொருள். வெளி ஹாட் டிஸ்க் ஒன்றை, தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் (fstab) கோப்பில் எழுதி வைத்துவிட்டுக் கழற்றியிருந்தால் வழக்கமாக 90 செக்கன் காத்திருந்து அவசர நிலைக்குப் போய் நிற்கும். அந்த வரியில் நோஃபெயில் (nofail) என்று சேர்த்தால் சரி.

அப்படியும் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போர்டின் இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். உங்கள் கண் முன்னால் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய சாமானைக் கையோடு வாங்குங்கள்.

விண்டோஸ் போட்டபோது ஹாட் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டார்கள். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் மென்பொருளை ஓடவிட்டுக் கொஞ்சத்தை மீட்டுத் தந்தான். கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள்தான். இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். 2019 ஆம் ஆண்டுத் தாள்களில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. என்னிடம் படித்தவர்கள் யாராவது அந்த வருடக் கட்டை வைத்திருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.