ரயிலும் மலைநடையும் சேர்ந்த வெளிநாட்டுப் பயணம்: பணம் கட்டும் முன் ஓர் எச்சரிக்கை

ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராக மலைப்பாதையில் நடந்து, மீண்டும் ரயிலேறித் திரும்பும் விடுமுறைப் பயணங்களை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனத்திடம் நான் ஏமாற்றப்பட்டேன். முறையீடு இன்னும் முடியாததால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அதே சொற்களில் அமைந்த விளம்பரங்களை வேறு பெயர்களிலும் தொடர்ந்து காண்கிறேன். ஆகவே பெயரைவிட அவர்கள் விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதே இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோருக்கு அதிகம் பயன்படும்.

விற்கப்பட்டது இதுதான். பாரிஸிலிருந்து பாசல் வழியாகச் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனுக்கு ரயில். பிறகு வியா அல்பினா என்ற நெடும்பாதையின் ஒரு பகுதியாகக் கிரின்டெல்வால்டிலிருந்து லாட்டர்புருன்னென், கிரீஸால்ப் வழியாகக் கான்டர்ஷ்டெக் வரை நடை. ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம். பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அவர்களே கொண்டுசேர்ப்பது. கான்டர்ஷ்டெக்கிலிருந்து ரயிலில் திரும்புவது. எல்லா ரயில் கட்டணமும் அடங்கும் என்றும், நடை மிதமானது, நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றும் எழுதியிருந்தார்கள். ஜூன் தொடக்கத்துக்கான தேதிகளை அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் சிக்கல் பாரிஸிலேயே தொடங்கியது. எங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போர் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்வதற்கான யூரெயில் பாஸ். அந்தப் பாஸில் குறையொன்றும் இல்லை. ஆனால் பிரான்சின் டிஜிவி போன்ற அதிவேக ரயில்களில் பாஸோடு இருக்கைப் பதிவும் தனிக் கட்டணம் செலுத்திச் செய்திருக்க வேண்டும், பாஸ் வைத்திருப்போருக்கு ஒதுக்கப்படும் இருக்கைகளும் குறைவு. அந்தப் பதிவை நிறுவனம் செய்யவே இல்லை. அடுத்த ரயிலுக்கு முழுக் கட்டணச் சீட்டு வாங்கினோம். இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்தை அடைந்த பிறகு இரண்டாவது உண்மை தெரிந்தது: அங்கிருந்து கிரின்டெல்வால்டுக்கும் லாட்டர்புருன்னெனுக்கும் செல்லும் மலை ரயில்களில் அந்தப் பாஸுக்குத் தள்ளுபடிதான் உண்டு, இலவசப் பயணம் இல்லை. வெளிநாட்டவருக்கான சுவிஸ் டிராவல் பாஸாக இருந்தால் கிரின்டெல்வால்ட், வெங்கென், மூரென் ஆகிய ஊர்கள் வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் போயிருக்கலாம். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினென் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து இரு பள்ளத்தாக்குகளுக்குப் போகிறது என்பதும், எந்தப் பாதியில் ஏறுகிறோம் என்று பார்த்து உட்கார வேண்டும் என்பதும்கூட அவர்கள் கொடுத்த வழிக்குறிப்பில் இல்லை. அந்தப் பாதையைத் தெரிந்த ஒருவர் எழுதிய குறிப்பு அல்ல அது என்று அப்போதே தோன்றியது.

கிரின்டெல்வால்டிலிருந்து 2,061 மீட்டர் உயரமுள்ள கிளைனெ ஷைடெக் கணவாயைக் கடந்து லாட்டர்புருன்னெனுக்கு இறங்கிய நாள் நன்றாகவே கழிந்தது. நான்கு மணி நேரம் என்றது அன்றும் உண்மையாகவில்லை. ஆனால் களைத்தால் ஏறிக்கொள்ளப் பக்கத்திலேயே பற்சக்கர ரயில் ஓடுகிறது. ரயிலும் நடையும் சேர்ந்த பயணம் எவ்வளவு அருமையாக அமைய முடியும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது; அதனாலேயே பின்னர் நடந்தது மேலும் வலித்தது.

லாட்டர்புருன்னெனிலிருந்து கிரீஸால்புக்குச் செல்லும் பாதை 2,612 மீட்டர் உயரத்திலுள்ள ஸெஃபினென்ஃபுர்கே கணவாயைக் கடக்கிறது. லாட்டர்புருன்னென் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது ஒரே நாளில் 1,800 மீட்டர் ஏறி, ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்க வேண்டும். பழக்கமுள்ளவர்களுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் நடை இது. அதற்கு அடுத்த நாளுக்கான ஹோட்யூர்லி கணவாய் 2,778 மீட்டர். இந்த உயரங்களில் பல ஆண்டுகளில் ஜூன் இறுதிவரை பனி கிடக்கும். சில ஆண்டுகளில் ஜூலையிலும் கிடக்கும். நாங்கள் பயணம் செய்த நாட்களில் ஸெஃபினென்ஃபுர்கேயின் இரு பக்கமும் பனிக்கு அடியில் இருந்தன. மேற்குப் பக்கச் செங்குத்தான சரிவில் இறங்குவதற்காக அமைத்திருக்கும் மரப்படிகளும் கம்பி வடங்களும் பனியில் புதைந்திருக்கும் காலத்தில், உரிய கருவிகளும் அனுபவமும் இல்லாதவர் அங்கே வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. அதைக் கடக்க இருந்த நாளுக்கு முந்தைய மாலை, லாட்டர்புருன்னென் விடுதிக்காரர் எங்கள் திட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறி, போகவே கூடாது என்று தடுத்தார். அந்த மனிதருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். பணம் வாங்கிய நிறுவனமோ, அவசர எண் என்று கொடுத்திருந்த தொலைபேசியை எடுக்கவில்லை. எழுதிய மின்னஞ்சலுக்கு மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல. ஜூன் தொடக்கத்தில் அந்தக் கணவாயில் பனி கிடப்பது எதிர்பாராத வானிலை அல்ல, ஆண்டுதோறும் நிகழ்வது. தெரிந்தே விற்றார்களா, தெரியாமல் விற்றார்களா என்று சொல்ல எனக்கு இயலாது. இரண்டுமே மன்னிக்கத்தக்கவை அல்ல.

மலையைச் சுற்றிக்கொண்டு இன்டர்லாகன், ஷ்பீட்ஸ், ரைஹென்பாஹ் வரை ரயிலிலும், அங்கிருந்து அஞ்சல் பேருந்திலும் எங்கள் செலவில் கிரீஸால்ப் போய்ச் சேர்ந்தோம். பைகள் வரவில்லை. அவை லாட்டர்புருன்னென் விடுதியின் வாசலறையிலேயே கிடந்தன. எடுத்துச் செல்லச் சொல்லி எவரும் தங்களிடம் பதிவு செய்யவில்லை என்று விடுதியில் எழுத்தாகவே கொடுத்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு அந்தச் சேவையை ஏற்பாடே செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இதைத் தவறு என்று சொல்லிக் கடக்க முடியாது, மோசடி என்றே சொல்வேன்.

திரும்பி வந்து முறையிட்டபோது, தாங்கள் முகவர் மட்டுமே, ரயில், விடுதி, பை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் சேவையாளரே பொறுப்பு என்று எழுதினார்கள். இந்த இடத்தில் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. அந்த நிறுவனம் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் பதிவானது. ஒன்றியத்தின் 2015/2302 என்ற தொகுப்புப் பயண நெறிமுறை 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. போக்குவரத்து, தங்குமிடம் போன்ற இருவேறு வகைச் சேவைகளை ஒரே பயணத்துக்காகச் சேர்த்து ஒரே விலையில் விற்பவர் அமைப்பாளர் ஆகிறார். தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டாலும், ஒப்பந்தத்திலுள்ள எல்லாச் சேவைகளுக்கும் அவரே பொறுப்பு. குறைபாட்டைத் தெரிவித்தும் நியாயமான காலத்துக்குள் அவர் சரிசெய்யாவிட்டால், பயணி தாமே சரிசெய்துகொண்டு அதற்கான தேவையான செலவைத் திரும்பக் கேட்கலாம். இதை மேற்கோள் காட்டிய பிறகுதான் அவர்களின் கடிதங்களில் பணிவு வந்தது, பணம் வரவில்லை.

இப்படிப்பட்ட பயணத்தை வாங்க நினைப்பவர்கள், எல்லாம் அடங்கும் என்ற சொல்லுக்குப் பதிலாக, எந்தப் பாஸ், அது எந்த நிலையம் வரை முழுமையாகச் செல்லும், இருக்கைப் பதிவு தேவைப்படும் ரயில்கள் எவை, அவற்றின் பதிவு எண்கள் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். நடையைப் பொறுத்தவரை மணிக்கணக்கை மட்டும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு நாளின் ஏற்றமும் இறக்கமும் மீட்டரில் வேண்டும், கடக்கும் மிக உயர்ந்த இடம் எது, அது வழக்கமாக எந்த மாதத்தில் திறக்கும் என்பதும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகை சாதாரண நடைபாதையையும், வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு மலைப்பாதையையும், வெள்ளை நீலம் வெள்ளை மிகக் கடினமான ஆல்பைன் வழியையும் குறிக்கும். விற்பவர் தம் பாதை இவற்றில் எந்த வகை என்று சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலகைகளில் காணும் நேரத்தில் ஓய்வு நேரம் சேராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பை கொண்டுசெல்லும் ஏற்பாடு உண்மையா என்று அறிய எளிய வழி, புறப்படும் முன் விடுதிகளுக்கு நேரடியாக எழுதிக் கேட்பது. கணவாய் மூடியிருந்தால் மாற்று வழி என்ன, அதற்கான ரயில், பேருந்துக் கட்டணம் யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதைக் கேட்காமலேயே கொடுக்கின்றன.

ஏற்கெனவே இதில் சிக்கியவர்களுக்கு: குறைபாடு தெரிந்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வாங்க நேர்ந்த ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பைகளுக்காகக் கட்டிய தொகை, விடுதியின் கடிதத்தைக் காட்டி அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டதால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இத்தகைய அட்டை முறையீடுகளுக்குக் காலவரம்பு உண்டு. நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது அது கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் கட்டணங்களுக்கான எங்கள் கோரிக்கை, அந்த நிறுவனம் பதிவாகியுள்ள நாட்டின் நுகர்வோர் அமைப்பிடம் இப்போது இருக்கிறது.